மின்னஞ்சலும் ஓர் அமானிதமே

பெருமானார் (ஸல்) அவர்கள் அயல்நாட்டு அரசர்களுக்குக் கடிதம் எழுத நாடியபோது, முத்திரையில்லாத கடிதத்தை ரோமர்கள் படிக்கமாட்டார்கள் என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. அதன்பேரில் வெள்ளி மோதிரம் ஒன்று செய்யப்பட்டு, அதில் ‘முஹம்மது ரசூலுல்லாஹ்’ என்று பொறிக்கப்பட்டது. இந்த வரலாற்றை நம் மதரஸாப் பிள்ளைகளும் ஒப்பிப்பார்கள். இதைத் தொடர்ந்து வரும் கட்டளையைத்தான் நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அந்த மோதிரத்தில் உள்ள வாசகத்தை வேறெவரும் தம் மோதிரத்தில் பொறித்துக்கொள்ளலாகாது என்று பெருமானார் (ஸல்) அவர்கள் தடுத்துவிட்டார்கள். அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் இதனைப் பதிவு செய்துள்ளார்கள். ஒரே முத்திரை இருவர் கையில் இருக்குமானால், வந்த கடிதம் யாருடைய கடிதம் என்று சொல்ல முடியாதல்லவா? பிற்காலத்தில் உஸ்மான் (ரலி) அவர்களின் கையிலிருந்து அந்த மோதிரம் அரீஸ் என்னும் கிணற்றில் விழுந்துவிட்டது. மூன்று நாட்கள் தேடினார்கள், கிணற்றுநீரை இறைத்தும் பார்த்தார்கள், கிடைக்கவில்லை.

முஆவியா (ரலி) அவர்களின் காலத்தில் நடந்ததாக வரலாற்றாசிரியர்கள் கூறும் செய்தி இன்னும் நுட்பமானது. ஒருவருக்கு ஒரு லட்சம் திர்ஹம் கொடுக்கும்படி இராக்கில் இருந்த ஆளுநருக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார்கள். கொண்டு சென்றவர் வழியிலேயே கடிதத்தைப் பிரித்து, ஒரு லட்சத்தை இரண்டு லட்சமாகத் திருத்திவிட்டார். ஆளுநர் கணக்கு அனுப்பியபோதுதான் குட்டு வெளிப்பட்டது. அதன் பிறகே முத்திரைக்கென்று ‘தீவானுல் காத்தம்’ என்ற தனி அலுவலகம் ஏற்படுத்தப்பட்டு, கடிதங்கள் கட்டப்பட்டு முத்திரையிடப்பட்டன. இன்று கம்பெனிகளுக்கிடையே போகும் மின்னஞ்சலில் பில் தொகையையும் வங்கிக் கணக்கு எண்ணையும் மாற்றிப் பணத்தைத் திருப்பிவிடும் மோசடிக்காரர்கள் செய்வதும் இதே வேலைதான். கடிதத்தைச் சுமந்த ஒட்டகம் மட்டுமே மாறியிருக்கிறது.

ஈமெயில் என்று நாம் வழங்கும் மின்னஞ்சலுக்கு முத்திரை மோதிரமாக இருப்பது பாஸ்வேர்டு என்னும் கடவுச்சொல். அது பிறர் கைக்குப் போய்விட்டால் அவர் நம் கடிதங்களைப் படிக்கலாம், நம் பெயரில் கடிதம் எழுதவும் செய்யலாம். இதனை ஒரு மார்க்க மாத இதழில் எழுத வேண்டுமா என்று சிலர் நினைக்கக்கூடும். உளுவின் சட்டத்தையும் தொழுகையின் சட்டத்தையும் படிப்பது போல அமானிதத்தின் சட்டத்தையும் நாம் படித்தாக வேண்டும். இன்றைக்கு நம் வீடுகளில் உள்ள அமானிதங்களில் பெரும்பகுதி கைப்பேசிக்குள்தான் இருக்கிறது.

நம் கொட்டாரம் பக்கத்திலும், கோட்டாறு, இடலாக்குடி, திட்டுவிளை, தக்கலை வட்டாரங்களிலும் மகனோ மருமகனோ துபாயிலோ தம்மாமிலோ தோஹாவிலோ இருக்கும் குடும்பங்கள் ஏராளம். முன்பெல்லாம் நீலக்கோடு போட்ட ஏர்மெயில் உறை வரும். எழுத்தறியாத உம்மா, அடுத்த வீட்டுப் பையன் எவன் வாய் திறக்கமாட்டானோ அவனைத் தேடிப் பிடித்துத்தான் கடிதத்தைப் படிக்கச் சொல்வார். உறை கிழிந்து வந்தால் யாரோ பிரித்திருக்கிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரியும். மின்னஞ்சலைப் பிறர் பிரித்துப் படித்தால் கிழிசல் தெரியாது. மாதக்கணக்கில் ஒருவன் உள்ளே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாலும் வீட்டுக்காரருக்குத் தெரியாமல் போகலாம்.

அந்தப் பெட்டிக்குள் என்னென்ன இருக்கின்றன என்று எண்ணிப்பாருங்கள். பாஸ்போர்ட் நகல், விசா, ஆதார் நகல், சம்பளச் சீட்டு, வங்கியின் கணக்கு அறிக்கை, மனையின் பத்திர நகல், ஆஸ்பத்திரிச் சோதனை முடிவு, மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க அனுப்பிய விவரமும் படமும். இவையனைத்துக்கும் மேலாக வேறொன்று உண்டு. வங்கி, பேஸ்புக், விமான டிக்கெட் முதலான எந்தக் கணக்கிலும் ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ என்று அழுத்தினால் புதிய சொல்லை அமைப்பதற்கான வழி பெரும்பாலும் மின்னஞ்சலுக்கே வந்து சேரும். ஆகவே மின்னஞ்சல் என்பது அலமாரியின் ஒரு சாவி அன்று, வீட்டின் கொத்துச்சாவி.

‘என்னிடம் ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது? படித்தால் படித்துவிட்டுப் போகட்டும்’ என்று பேசுவோர் உண்டு. இந்தப் பேச்சில் ஒரு பெரிய பிழை இருக்கிறது. அவருடைய பெட்டியில் அவருடைய இரகசியம் மட்டுமா இருக்கிறது? கடன் கேட்டு எழுதிய நண்பரின் கடிதம் இருக்கிறது. கணவன் வீட்டுத் துன்பத்தைச் சொல்லி அழுத தங்கையின் கடிதம் இருக்கிறது. ஒருவர் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு இங்கும் அங்கும் திரும்பிப் பார்ப்பாரானால், அந்தப் பேச்சு அமானிதம் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் நவின்றதை அபூதாவூதும் திர்மிதியும் அறிவிக்கின்றன. ‘யாரிடமும் சொல்லாதே’ என்று அவர் வாய்திறந்து சொல்லக்கூடத் தேவையில்லை. திரும்பிப் பார்த்ததே போதும். அப்படியிருக்க, நமக்கென்றே எழுதி அனுப்பப்பட்ட கடிதத்தை என்னவென்று சொல்வது? அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு திருமறையின் 4ஆவது அத்தியாயம் 58ஆவது வசனம் பணிக்கிறது. நம் பூட்டு பலவீனமாக இருப்பதால் இன்னொருவரின் மானம் போகுமானால், ‘என் பெட்டி, என் இஷ்டம்’ என்று நாம் சொல்லித் தப்ப முடியாது.

பிறர் கடிதத்தைப் பார்ப்பதைப் பற்றி ஒரு ஹதீஸ் நம் மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுகிறது. தன் சகோதரனின் கடிதத்தை அவன் அனுமதியின்றிப் பார்ப்பவன் நரக நெருப்பைப் பார்ப்பவனாவான் என்பது அதன் கருத்து. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வாயிலாக அபூதாவூதில் வருகிறது. அதன் அறிவிப்பாளர் வரிசை பலவீனமானது என்று இமாம் அபூதாவூத் (ரஹ்) அவர்களே குறிப்பிட்டிருக்கிறார்கள். மேடையில் சொல்வோர் இதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. ஆனால் இந்தச் சட்டம் அந்த ஒரு ஹதீஸை மட்டும் நம்பி நிற்கவில்லை. அனுமதி கேட்டு ஸலாம் சொல்லாமல் பிறர் வீட்டில் நுழையாதீர்கள் என்று 24ஆவது அத்தியாயத்தின் 27ஆவது வசனமும், துருவித் துருவி ஆராயாதீர்கள் என்று 49ஆவது அத்தியாயத்தின் 12ஆவது வசனமும் தெளிவாகவே தடுக்கின்றன. பெருமானார் (ஸல்) அவர்கள் தலைவாரும் கோலைக் கையில் வைத்திருந்தபோது, அறையின் துவாரம் வழியாக ஒருவர் எட்டிப் பார்த்தார். நீர் பார்ப்பது தெரிந்திருந்தால் இதனாலேயே உம் கண்ணில் குத்தியிருப்பேன் என்றும், அனுமதி கேட்பது ஏற்படுத்தப்பட்டதே பார்வையை முன்னிட்டுத்தான் என்றும் அவர்கள் கடிந்துரைத்தது புகாரீயில் உள்ளது. காலடி உள்ளே படாவிட்டாலும் கண் நுழைந்தாலே அது நுழைவுதான். மின்னஞ்சல் திருட்டு முழுவதும் கண் நுழையும் திருட்டே.

இனி, திருடன் எந்த வழியாக வருகிறான் என்று பார்ப்போம். சினிமாவில் காட்டுவது போல இருட்டறையில் உட்கார்ந்து மந்திரம் போடுவது போன்ற வேலை இதில் மிகவும் குறைவு. பெரும்பாலும் நாம் திறந்து வைத்த கதவு வழியாகத்தான் வருகிறான்.

ஒரே கடவுச்சொல்லைப் பத்து இடங்களில் வைப்பது முதற்கதவு. யாஹூ நிறுவனத்தின் கணக்குகளில் 2013ஆம் ஆண்டு நடந்த ஊடுருவலை அந்நிறுவனம் 2016 டிசம்பரில்தான் வெளியிட்டது. அப்போது 100 கோடிக் கணக்குகள் என்றார்கள். 2017 அக்டோபரில், அன்றிருந்த 300 கோடிக் கணக்குகளும் பாதிக்கப்பட்டவையே என்று ஒப்புக்கொண்டார்கள். இப்படி ஓர் இடத்தில் களவுபோன பெயரையும் சொல்லையும் பட்டியலாக வைத்துக்கொண்டு, திருடன் வேறு நூறு கதவுகளில் இயந்திரம் கொண்டு போட்டுப் பார்க்கிறான். துணிக்கடைச் செயலியில் வைத்த சொல்லே மின்னஞ்சலுக்கும் வைத்திருந்தால், துணிக்கடை ஏமாந்த அன்றே நம் பெட்டியும் திறந்துவிடும்.

ஏர் இந்தியாவின் செய்தி நம் குடும்பங்களுக்கு இன்னும் நெருக்கமானது. அதன் பயணிகள் விவரங்களைக் கையாண்ட சீட்டா என்ற வெளிநாட்டு நிறுவனத்தில் நிகழ்ந்த ஊடுருவலால், உலகெங்கும் சுமார் 45 லட்சம் பயணிகளின் விவரங்கள் வெளியேறின என்று 2021 மே மாதம் அறிவிக்கப்பட்டது. 2011 ஆகஸ்ட் 26 முதல் 2021 பிப்ரவரி 3 வரை பதிவானவை அவை: பெயர், பிறந்த தேதி, தொடர்பு விவரம், பாஸ்போர்ட் விவரம், டிக்கெட் விவரம். வளைகுடாவுக்குப் போய்வந்த நம்மவர்கள் எத்தனை பேர் அதில் இருந்திருப்பார்கள்! ஆகவே, ‘உங்கள் பெயர் இன்னது, பாஸ்போர்ட் எண் இன்னது, இன்ன தேதியில் பயணம் செய்தீர்கள்’ என்று சரியாகச் சொல்லி ஒரு மின்னஞ்சல் வந்தால், அது அரசாங்கத்திடமிருந்துதான் வந்தது என்று நம்பிவிடாதீர்கள். பிறந்த தேதியும் பாஸ்போர்ட் எண்ணும் இனி நமக்கு மட்டும் தெரிந்தவை அல்ல. அவற்றைக் கடவுச்சொல்லில் சேர்ப்பதும் வீண்.

786 என்று முடியும் கடவுச்சொற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நம்மவர்களில் பலர் பிள்ளையின் பெயரை எழுதி, அதன் பின்னால் 786 போட்டுவிட்டுப் பாதுகாப்பாக இருப்பதாக எண்ணுகிறார்கள். அந்த எண்ணுக்கு மார்க்கத்தில் இடமுண்டா இல்லையா என்பதை வேறொரு நாள் பேசலாம். அது நம்மவர்களின் வழக்கம் என்பது திருடனுக்கும் தெரியும். முஸ்லிம் பெயரைப் பார்த்தவுடன் அவன் முயன்று பார்க்கும் எண்களில் அதுவும் இருக்கும்.

நல்ல சொல் எப்படியிருக்க வேண்டும்? நீளமாக இருக்க வேண்டும். ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் போதும். முருங்கை, ஏணி, உப்பளம், திங்கட்கிழமை, குடை என்பது போல. (இதையே எடுத்து வைத்துக்கொள்ளாதீர்கள், இதழில் அச்சாகிவிட்டது.) ஓதும் வசனமோ எல்லாரும் அறிந்த பாட்டின் வரியோ வேண்டாம். மாதம் ஒருமுறை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்று முன்பு சொல்லி வந்தார்கள். வெளியாகிவிட்டது என்ற ஐயம் எழுந்தாலன்றி மாற்றத் தேவையில்லை என்பதே இன்று அத்துறை வல்லுநர்களின் கருத்து. ஓயாமல் மாற்றச் சொன்னால் மக்கள் கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இத்தனை சொற்களை எப்படி நினைவில் வைப்பது என்று கேட்பீர்கள். நம் இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னையில் ஒரே நேரத்தில் நூறு செய்திகளில் கவனம் செலுத்திச் சதாவதானம் நிகழ்த்தினார்கள். அந்த ஆற்றலை அல்லாஹ் எல்லாருக்கும் கொடுக்கவில்லை. ஆகவே ஒரு நோட்டில் எழுதி, அதைப் பத்திரங்களோடு அலமாரியில் பூட்டி வையுங்கள். தவறில்லை. கடல் கடந்து இருக்கும் திருடன் உங்கள் அலமாரிக்கு வரமாட்டான். கடவுச்சொற்களைக் காக்கும் செயலிகளும் உண்டு. பழக்கமுள்ளவர்கள் அவற்றைப் பயன்படுத்தலாம். ஆனால் அந்த நோட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் மகனுக்கு அனுப்பிவிட்டால், பூட்டி வைத்ததற்குப் பயனில்லை.

இரண்டாவது கதவு ஏமாற்றுக் கடிதம். இதில் அறிவாளிகளும் விழுகிறார்கள் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் 2016ஆம் ஆண்டு அதிபர் தேர்தலில் போட்டியிட்ட ஹில்லாரி கிளிண்டனின் பிரசாரத் தலைவர் ஜான் பொடெஸ்டா. அவ்வாண்டு மார்ச் 19 அன்று அவருடைய ஜிமெயிலுக்குக் கூகுள் நிறுவனத்தின் பெயரில் ஒரு கடிதம் வந்தது. ‘உங்கள் கடவுச்சொல் இன்னொருவரிடம் உள்ளது, உடனே மாற்றுங்கள்’ என்று அதில் இருந்தது. அழுத்துவதற்கு ஓர் இடமும் காட்டப்பட்டிருந்தது. அவருடைய உதவியாளர்கள் ஐயப்பட்டுக் கணினிப் பிரிவிடம் கேட்கவும் செய்தார்கள். அங்கிருந்தவர், ‘இது முறையான கடிதம்தான், உடனே மாற்றுங்கள்’ என்று பதில் எழுதிவிட்டார். ‘முறையற்ற கடிதம்’ என்று எழுத வந்து எழுத்து விடுபட்டுப் போனது என்று பின்னர் அவர் விளக்கம் சொன்னார். அதே பதிலில் கூகுளின் உண்மையான முகவரியையும் கொடுத்திருந்தார். இருபடிச் சரிபார்ப்பைப் போடவும் சொல்லியிருந்தார். ஆனால் உண்மை முகவரிக்குப் போகாமல், வந்த கடிதத்தில் காட்டிய இடத்தையே அழுத்திவிட்டார்கள். அக்டோபர் 7 முதல் அவருடைய பல்லாயிரம் கடிதங்களை விக்கிலீக்ஸ் தவணை தவணையாக வெளியிட்டது. அவருக்கு எழுதிய எத்தனையோ பேரின் அந்தரங்கமும் அதில் சந்திக்கு வந்தது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் எளிமையானது. கடிதம் காட்டும் கதவு வழியாகப் போகாமல், நமக்குத் தெரிந்த கதவு வழியாக நாமே போக வேண்டும். வங்கியிலிருந்து கடிதம் வந்தால் அதைத் தொடாமல் வங்கியின் செயலியைத் தனியாகத் திறந்து பாருங்கள். மேலே தெரியும் அனுப்புநர் பெயர் அவரே எழுதிக்கொண்டது. யாரும் எந்தப் பெயரும் போட்டுக்கொள்ளலாம். பெயரைத் தொட்டால் அதன் கீழுள்ள முகவரி தெரியும். அதில் ‘அட்’ குறிக்குப் பின்னால் உள்ள பகுதியை எழுத்தெழுத்தாகப் பாருங்கள். வங்கியின் பெயருக்குப் பக்கத்தில் ஒட்டுச்சொற்கள் சேர்ந்திருந்தாலும், ஓர் எழுத்து மாறியிருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள்.

நம்மவர்களைக் குறிவைத்து வரும் தூண்டில்களில் விசாவும் உம்ராவும் முதலிடம் பெறுகின்றன. வேலைக்குத் தேர்வாகிவிட்டீர்கள், இன்ன கட்டணத்தை இன்றே கட்டுங்கள் என்பார்கள். அல்லது குறைந்த செலவில் உம்ரா, பாஸ்போர்ட் நகலை அனுப்புங்கள் என்பார்கள். வெளிநாட்டுக்கு ஆளெடுக்கும் ஏஜென்டு பதிவு பெற்றவரா என்பதை வெளியுறவுத் துறையின் ‘இ-மைக்ரேட்’ தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். 2024ஆம் ஆண்டில் கல்யாண அழைப்பிதழ் என்ற பெயரில் கைப்பேசிக்குச் செயலிக் கோப்பை அனுப்பி ஏமாற்றுவதாகப் பல மாநிலங்களில் காவல்துறையினர் எச்சரித்தார்கள். ‘ஏ.பி.கே.’ என்று முடியும் கோப்பு அழைப்பிதழாக இருக்க முடியாது. கல்யாணத்துக்கு அழைப்பவர் கைப்பேசியில் எதையும் நிறுவச் சொல்லமாட்டார்.

காக்காவின் உண்மையான முகவரியிலிருந்தே, ‘அவசரம், இந்தக் கணக்கில் ஐம்பதாயிரம் போடு’ என்று கடிதம் வந்தால் என்ன செய்வது? அவருடைய பெட்டி களவு போயிருக்கலாம். தீயவன் ஒரு செய்தி கொண்டுவந்தால் தீர விசாரியுங்கள் என்று 49ஆவது அத்தியாயத்தின் 6ஆவது வசனம் கற்பிக்கிறது. போன் போட்டுக் கேளுங்கள். இன்று குரலையும் செயற்கையாக உண்டாக்க முடிகிறது; ஆகவே நீங்கள் இருவர் மட்டுமே அறிந்த வீட்டு விஷயம் ஒன்றைக் கேளுங்கள். சின்ன வயதில் தென்னையிலிருந்து விழுந்தது யார் என்று கேட்டால் திருடனுக்கு என்ன தெரியும்?

மூன்றாவது கதவை நாம் மறந்தே போகிறோம். அது பழைய கைப்பேசி எண். கணக்கை மீட்பதற்கென்று கொடுத்த எண் வளைகுடா சிம்மாக இருக்கும். ஊர் திரும்பியதும் அது காலாவதியாகிவிடும். நம் நாட்டு எண்ணும் அப்படித்தான். துண்டிக்கப்பட்ட எண்ணை 90 நாட்கள் வரை புதியவருக்குக் கொடுப்பதில்லை என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கின்போது கூறப்பட்டது. அதன் பின் அது வேறொருவருக்குப் போகலாம். அவர் கையில் நம் மீட்புச் செய்தி போய்ச் சேரும். ஊருக்கு வந்து பெட்டியைப் பிரிக்கும் வாரத்திலேயே, வங்கியிலும் மின்னஞ்சலிலும் எண்ணை மாற்றிவிடுங்கள்.

இருபடிச் சரிபார்ப்பை அவசியம் போடுங்கள். கடவுச்சொல் திருட்டுப்போனாலும் இரண்டாவது தாழ்ப்பாள் ஒன்று மிச்சமிருக்கும். குறுஞ்செய்தியில் வரும் எண்ணைவிட, அதற்கென்றுள்ள செயலி தரும் எண் மேலானது. நம் பெயரில் இன்னொரு சிம் வாங்கிக் குறுஞ்செய்தியைப் பறிப்பவர்கள் இருக்கிறார்கள். அதையும்விட மேலானது ‘பாஸ்கீ’ என்ற புதிய முறை. அது கைரேகையாலோ முகத்தாலோ நம் கைப்பேசியிலேயே திறக்கிறது. போலித் தளத்தில் அது வேலை செய்யாது. கைப்பேசி தொலைந்தால் உதவுவதற்காகக் கணக்கிலிருந்தே சில எண்களைத் தருவார்கள். அவற்றை அலமாரி நோட்டில் எழுதுங்கள். ஓ.டி.பி. கேட்டு யார் போன் செய்தாலும், அவர் ஸலாம் சொல்லி ஆரம்பித்தாலும், கொடுக்க வேண்டாம்.

நம் ஊருக்கு வடகிழக்கே கடலோரம் உள்ள கூடங்குளம் அணுமின் நிலையத்தின் செய்தியும் இங்கே பயன்படும். 2019 செப்டம்பர் 4 அன்று, நிலையம் சார்ந்த ஒரு கணினியில் தீங்கு செய்யும் நிரல் இருப்பதாக இந்தியக் கணினி அவசரநிலைக் குழு தெரிவித்தது. அக்டோபர் 29 அன்று நிலையத்தினர் மறுத்தார்கள். மறுநாளே அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைந்திருந்த கணினி அது; உலையை இயக்கும் கணினிகள் அதிலிருந்து பிரித்தே வைக்கப்பட்டிருந்தன, அவை பாதிக்கப்படவில்லை என்று கழகம் கூறியது. இந்தப் பிரித்து வைத்தல்தான் நாம் கற்க வேண்டியது. வங்கி, பாஸ்போர்ட், ஹஜ் விண்ணப்பம் முதலியவற்றுக்கு ஒரு மின்னஞ்சல். கடைகளுக்கும் விளையாட்டுச் செயலிகளுக்கும் வேறொன்று. இரண்டாவதில் புகுந்த திருடனுக்குத் தள்ளுபடி விளம்பரங்கள்தான் கிடைக்கும்.

ஜெராக்ஸ் கடையையும் பிரௌசிங் சென்டரையும் விட்டுவிடக் கூடாது. ஹஜ் விண்ணப்பமோ உதவித்தொகை விண்ணப்பமோ போடச் சென்று, அங்குள்ள கம்ப்யூட்டரில் மின்னஞ்சலைத் திறந்துவிட்டு, மூடாமலே எழுந்து வருகிறோம். ‘கடவுச்சொல்லை நினைவில் வைக்கட்டுமா’ என்று அது கேட்கும்போது ஆமென்று அழுத்திவிடுகிறோம். அப்படி ஆகிவிட்டால், வீட்டுக்கு வந்து கைப்பேசியில் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குப் போனால், எந்தெந்தக் கருவிகளில் நம் கணக்கு திறந்திருக்கிறது என்று தெரியும்; அங்கிருந்தே வெளியேற்றலாம். அடுத்தவர் மூடாமல் போன மின்னஞ்சல் நம் முன்னால் திறந்திருந்தால், ஒரு வரியும் படிக்காமல் மூடிவிடுவதே நம்மீதுள்ள கடமை. தவறி நமக்கு வந்த கடிதமும் அப்படியே. அனுப்பியவருக்கு ஒரு வார்த்தை தெரிவித்து அழித்துவிட வேண்டும்.

திருடனே இல்லாமல் நாமே வெளிப்படுத்தும் கசிவுகள் உண்டு. என்னைக் கேட்டால் இதுதான் நம் ஜமாஅத்துகளில் மிகவும் வருந்தத்தக்கது. ஸகாத் கேட்டு விண்ணப்பித்த ஏழைகளின் பெயர், தெரு, கடன், நோய் எல்லாம் கொண்ட பட்டியலை ஒரே மின்னஞ்சலில் முப்பது பேருக்கு அனுப்பினால் என்ன ஆகும்? அதில் ஒருவர் அதைத் தம் மச்சானுக்கு அனுப்புவார். அவர் வாட்ஸ்அப் குழுவில் போடுவார். மறைத்து ஏழைகளுக்குக் கொடுப்பது சிறந்தது என்று 2ஆவது அத்தியாயம் 271ஆவது வசனம் கூறுகிறது. கை நீட்டத் தயங்கிய ஒரு விதவையின் பெயர் ஊர் முழுதும் சுற்றுமானால், நாம் கொடுத்த ஐயாயிரத்தைக் காட்டிலும் பறித்தது அதிகம். பட்டியல் முடிவெடுப்பவர்களுக்கு மட்டும் போகட்டும். பெயருக்குப் பதில் வரிசை எண் போடட்டும். பொது அறிவிப்பைப் பலருக்கு அனுப்பும்போதும், ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாதபடி ‘பி.சி.சி.’ என்ற கட்டத்தில் முகவரிகளை இட வேண்டும். பெண்பிள்ளைகளின் கல்யாண விவரத்தையும் படத்தையும் கேட்டவர்க்கெல்லாம் அனுப்புவதும் இதே வகையைச் சேர்ந்தது. பேச்சு முறிந்த பின், அழித்துவிடும்படி கேட்பதில் வெட்கமில்லை. கேட்கப்பட்டவர் அழிப்பது கடமை.

ஜமாஅத்தின் மின்னஞ்சலைச் செயலாளர் தம் சொந்தக் கணக்கில் நடத்துவதும் நல்லதன்று. நிர்வாகம் மாறும்போது வக்ஃபு வாரியக் கடிதங்கள் பழையவரோடு போய்விடுகின்றன. ஜமாஅத் பெயரில் தனிக்கணக்கு வைத்து, பொறுப்பு மாறும் அன்றே கடவுச்சொல்லையும் மீட்பு எண்ணையும் மாற்றிக் கணக்குப் புத்தகத்தோடு ஒப்படைக்க வேண்டும்.

வீட்டுக்குள் எழும் கேள்விகளுக்கு வருவோம். மனைவியின் கடிதங்களைக் கணவரோ, கணவரின் கடிதங்களை மனைவியோ அனுமதியின்றிப் பார்க்கலாமா? நிக்காஹ் துருவியாராயும் தடையை நீக்கிவிடுவதில்லை. மனைவியின் பெட்டியில் அவளுடைய உம்மாவின் கடிதமும் தோழியின் கடிதமும் இருக்கின்றன. அவை கணவருக்கு எழுதப்பட்டவை அல்ல. இருவரும் மனமொப்பிப் பகிர்ந்துகொண்டால் அது வேறு. சந்தேகப்பட்டுத் திருட்டுத்தனமாகத் திறப்பது, 49:12 தடுத்த செயலே. மக்காவுக்கு இரகசியமாகப் போய்க்கொண்டிருந்த கடிதத்தைப் பெண்ணொருத்தியிடமிருந்து அலீ (ரலி) முதலானோர் கைப்பற்றிய நிகழ்ச்சியைச் சிலர் ஆதாரம் காட்டுவார்கள். அது சமுதாயம் முழுவதற்கும் ஆபத்தான செய்தி. தலைவரின் கட்டளைப்படி செய்யப்பட்டது. குடும்பச் சந்தேகத்துக்கு அதை இழுத்து வரக்கூடாது.

சிறுபிள்ளைகளின் நிலை வேறு. பருவமடையாத பிள்ளையின் கணக்கைப் பெற்றோர் மேற்பார்ப்பது பொறுப்பைச் சேர்ந்தது. அதையும் பிள்ளைக்குத் தெரியும்படி செய்யுங்கள். ஒளிந்து பார்க்கும் வாப்பாவிடமிருந்து பிள்ளை ஒளிந்து எழுதத்தான் கற்கும்.

இத்தனைக்கும் பிறகு பெட்டி களவுபோய்விட்டால் பதறவேண்டாம். முதலில் நம்பகமான வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொல்லை மாற்றி, திறந்திருக்கும் எல்லாக் கருவிகளிலிருந்தும் கணக்கை வெளியேற்றுங்கள். பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். திருடன் உள்ளே இருந்தபோது, வரும் கடிதத்தின் நகல் தனக்கும் வரும்படி ‘பார்வர்டிங்’ ஏற்பாடு செய்திருக்கக்கூடும். வங்கிக் கடிதங்களை மட்டும் கண்ணில் படாமல் ஒதுக்கும் ‘பில்டர்’ போட்டிருக்கக்கூடும். பூட்டை மாற்றிய பின்னும் ஜன்னல் வழியாகக் கடிதம் போய்க்கொண்டே இருக்கும். ஜிமெயிலைக் கம்ப்யூட்டரில் திறந்து இந்த இரண்டையும் பாருங்கள். மீட்பு எண்ணும் மீட்பு முகவரியும் நம்முடையவைதானா என்றும், எந்தெந்தச் செயலிகளுக்கு அனுமதி கொடுத்திருக்கிறோம் என்றும் பாருங்கள். பிறகு வங்கிக்குச் சொல்லுங்கள். உறவினருக்கும் நண்பருக்கும் தெரிவியுங்கள். வெட்கப்பட்டு மறைத்தால் அடுத்து ஏமாறுபவர் அவர்களாக இருப்பார்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே போன் செய்ய வேண்டும். எவ்வளவு விரைவோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்புண்டு. பிறர் கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துவோருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது.

கடைசியாக, மௌத்தானவரின் மின்னஞ்சல். இரண்டாண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை அழிக்கும் விதியைக் கூகுள் 2023 டிசம்பர் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதற்குள் அவருடைய கடனும் வரவேண்டிய பாக்கியும் தெரியாமல் போய்விடலாம். நாம் செயலற்றுப் போனால் யாருக்குத் தகவல் போக வேண்டும், எதை அவர் பார்க்கலாம் என்பதை உயிரோடிருக்கும்போதே குறித்து வைக்கும் வசதி அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. அலமாரி நோட்டு எங்கே இருக்கிறது என்பதை வஸிய்யத்தில் ஒரு வரி எழுதினாலும் போதும். வாரிசுகள் திறக்கும்போது கடன், பாக்கி, அமானிதம், பத்திரம் ஆகியவற்றை மட்டும் தேடி எடுத்துக்கொண்டு, அவருக்குப் பிறர் எழுதிய சொந்தக் கடிதங்களைப் படிக்காமல் அழித்துவிட வேண்டும்.